இட்டேரிச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னூல் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்றில் புதிய வசதி ஒன்று வருகிறது. நூலுக்குள் எங்கெங்கோ தாவிப் போனபின், போன வழியே ஒவ்வோர் இடமாகத் திரும்பி வரலாம். அது தமிழ் நூல்களில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வெளியீட்டுக்கு முன் பார்த்துச் சொல்ல, ஈரோடு, கோபி, சத்தியமங்கலம், கோவைப் பக்கத்திலிருந்து நாங்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குப் போனில் பதில் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அதனால்தான் இந்தப் பக்கம். வசதி முடிவான வடிவத்துக்கு வரும்வரை மென்பொருளின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அதை எழுதுகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எனவே இங்கே அது வெறும் 'திருத்தி'.

இந்த வசதி அப்படி என்னதான் செய்கிறது?

12ஆம் அத்தியாயத்தில் ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஓர் அடிக்குறிப்பு எண் இருக்கிறது. அழுத்தினால் நூலின் கடைசியிலுள்ள குறிப்புகளுக்குப் போகிறது. அங்கே ஓர் ஊர்ப்பெயர் தவறாக இருக்கிறது. அதே தவறு வேறெங்கே இருக்கிறது என்று தேடினால் 3ஆம் அத்தியாயத்தில் போய் நிற்கிறீர்கள். சரி, 12ஆம் அத்தியாயத்தில் பாதியில் விட்ட வரி எது? இதுவரை கோப்புப் பட்டியலைத் திறந்து, உருட்டி உருட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

புதிய வசதி ஒவ்வொரு தாவலையும் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைத்தான் தடம் என்கிறோம். ஆல்ட் விசையோடு இடது அம்பு ஒரு படி பின்னால் கொண்டுபோகும், வலது அம்பு ஒரு படி முன்னால். இணைய உலாவியின் பின்செல்லும் பொத்தான் மாதிரிதான். ஆனால் உலாவியில் நாம் படிக்க மட்டும் செய்கிறோம். இங்கே போகிற இடத்தையெல்லாம் மாற்றிக்கொண்டே போகிறோம். சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அதற்கு ஏன் 'இட்டேரி' என்று பெயர்?

மென்பொருளில் அதற்கு வேறு பெயர். இட்டேரி நாங்கள் வைத்தது. தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் வேலி அடைத்துப் போகிற தடம்தான் இட்டேரி என்று கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காங்கயம் பக்கம் கிளுவை வேலி தலைக்கு மேல் நிற்கும். உள்ளே நடந்தால் வலப்பக்கம் சோளமா, மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடா என்றே தெரியாது. தடம் பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்ற நினைவு இருந்தால்தான் பொழுதோட வீடு வந்து சேரலாம். சின்ன வயதில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் நான் அப்படி வழி தெரியாமல் அழுதிருக்கிறேன். பெயர் அங்கிருந்து வந்தது.

ஏனுங்க, எனக்கு நிரல் எழுதத் தெரியாதுங்க. நான் சேரலாமுங்களா?

தாராளமாக வாங்க. இதுவரை வந்ததில் ஆகப் பயனுள்ள வழு (மென்பொருளில் உள்ள பிழை) அறிக்கையை எழுதியவர் சத்தியமங்கலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். அவருக்கும் நிரல் தெரியாது. ஆனால் பரீட்சைத் தாள் திருத்திய கண். ஒரு துணைக்கால் இடம் மாறினாலும் பிடித்துவிடுகிறார்.

நிரல் தெரிந்தவர்களிடம் ஒரு குறை உண்டு, கோவித்துக்கொள்ளாதீர்கள். ஏதாவது தவறாக நடந்தால், அது ஏன் நடந்திருக்கும் என்று உடனே யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். என்ன நடந்தது என்பதை எழுத மறந்துவிடுவார்கள்.

மின்னூலுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சமாவது தெரிய வேண்டாமா?

கொஞ்சம் தெரிந்தால் போதும். மின்னூல்கள் வரும் இபப் கோப்பு என்பது ஒரு ஜிப் மூட்டை. அதற்குள் அத்தியாயங்கள் தனித்தனி எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகளாக இருக்கும், வலைப்பக்கங்கள் போலவே. எந்தெந்தக் கோப்பு இருக்கிறது, எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு பட்டியல் கோப்பு. பொருளடக்கத்துக்கு இன்னொன்று: 2007இல் வந்த இபப் 2இல் அது என்சிஎக்ஸ், 2011இல் வந்த இபப் 3இல் அந்த வேலையை 'நேவ்' என்னும் சாதாரணப் பக்கம் செய்கிறது. பழைய கருவிகளுக்காகப் பலர் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

இணைப்பு ஒவ்வொன்றும் 'இந்தக் கோப்பில் இந்த ஐடி உள்ள இடம்' என்று சொல்லும் முகவரி. ஐடி என்பது அந்த இடத்துக்கு வைத்த அடையாளப் பெயர். அது வெறும் எண்ணில் தொடங்கக் கூடாது. தொடங்கினால், இபப் 2 நூல்களில் இபப்செக் போன்ற சரிபார்ப்புக் கருவிகள் பிழை காட்டும். இவ்வளவு போதும்.

எந்த நூலை வைத்துச் சோதிப்பது?

நாங்கள் இரண்டு நூல்கள் தருகிறோம்.

முதலாவது திருக்குறள். பக்திக்காக இல்லை, கணக்குக்காக. 3 பால், 133 அதிகாரம், அதிகாரத்துக்கு 10 என்று 1330 குறள். அறத்தில் 38 அதிகாரம், பொருளில் 70, இன்பத்தில் 25. பல நிலைப் பொருளடக்கத்தைச் சோதிக்க இதைவிட ஒழுங்கான நூலை நான் பார்த்ததில்லை. அதிகாரத்துக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு குறளிலிருந்தும் குறிப்புக்கு ஓர் இணைப்பு, குறிப்பிலிருந்து குறளுக்குத் திரும்ப ஓர் இணைப்பு. ஆக 2660 இணைப்புகள். எந்தக் குறள் எந்த அதிகாரத்தில் வரும் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம் என்பதால், திருத்தி தவறான இடத்தில் இறக்கிவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு அட்டாலியில் கிடைத்த பழைய மஞ்சள் கணக்கு நோட்டு. அப்பிச்சியின் அப்பா எழுதியது; நான் தட்டச்சு செய்து மின்னூலாக்கினேன். இதில் ஒழுங்கு என்று எதுவுமே இல்லை. ஒரு பத்தி இரண்டு பக்கத்துக்கு ஓடும். நடுவே பின்னக் குறிகள். குறளில் பெரும்பாலும் தேறிவிட்ட வசதி இந்த நோட்டில் மூன்று இடத்தில் கவிழ்ந்தது.

உங்கள் சொந்த நூலையும் வைத்துப் பாருங்கள். அடிக்குறிப்பு நிறைய உள்ள நூலாக இருந்தால் நல்லது.

சரி, உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும்?

தாவுங்கள், எதையாவது மாற்றுங்கள், திரும்புங்கள். இந்த மூன்றையும் அதே வரிசையில் செய்ய வேண்டும். நடுவே எதையும் மாற்றாமல் போய்ப் போய் வந்துவிட்டு 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த அளவுக்கு நன்றாக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

தாவுவதற்குப் பல வாசல் உண்டு: இணைப்பு, பொருளடக்கப் பலகை, தேடல், பிழைப் பட்டியலில் ஒரு பிழையைச் சொடுக்குவது, முன்னோட்டத்தில் ஒரு வரியைச் சொடுக்குவது. ஒரு நாளைக்கு ஒரு வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதிலும் வகை உண்டு. புறப்பட்ட இடத்துக்கு மேலே சில வரி சேர்ப்பது, மேலே சில வரி நீக்குவது, புறப்பட்ட வரியையே நீக்குவது, செய்ததையெல்லாம் 'செயல்தவிர்' கொடுத்துப் பழையபடி ஆக்குவது. கடைசியாகச் சொன்னது முக்கியம். செயல்தவிர் கொடுத்தபின் எழுத்துகள் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. தடமும் கூடவே வருகிறதா என்று பாருங்கள்.

திரும்பினால் சரியான கோப்புக்குத்தான் வருகிறது. ஆனால் இடம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. இதையும் வழு என்று சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். நாங்கள் தேடுவதே அந்தக் 'கொஞ்ச'த்தைத்தான்.

கொஞ்சம் விளக்குகிறேன். திருத்தி, கர்சர் நின்ற இடத்தை எப்படி நினைவில் வைக்கும்? வரி எண்ணாக வைக்கலாம். ஆனால் கணக்கு நோட்டு போன்ற நூலில் ஒரு முழுப் பத்தியே மூலத்தில் ஒரே வரி. '14ஆம் வரி' என்றால் அதில் எங்கே? கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது குறி என்று எண்ணி வைக்கலாம். முதல் சோதனைப் பதிப்பு அப்படித்தான் செய்தது. எண்ணுவது என்று வந்துவிட்டால், எதை எண்ணுவது என்ற கேள்வி வரும்.

'கொங்கு' என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: கொ, ங், கு. யூனிகோடு கணக்கில் ஆறு: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. இன்னும் இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பிரித்து வைத்தால் அதே 'கொங்கு' 7 குறி, 21 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மென்பொருளின் ஒரு பகுதி குறிகளை எண்ணி, இன்னொரு பகுதி பைட்டுகளை எண்ணினால் கர்சர் ஊர் தாண்டிப் போய்விடும். ஆங்கில நூலில் ஓர் எழுத்துக்கு ஒரு குறி, ஒரு பைட் என்பதால் இந்த வழு வெளியே தெரியவே தெரியாது. தமிழ் நூலை வைத்துச் சோதிக்க நம்மைக் கூப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

இப்போதைய பதிப்பில் எண்ணி வைப்பதை விட்டுவிட்டு, எழுத்தோடு சேர்ந்து நகரும் அடையாளம் ஒன்றை நட்டு வைக்கிறார்கள். மேலே பத்து வரி சேர்த்தால் அடையாளமும் பத்து வரி கீழே போகும். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. கோப்பை மூடித் திறந்தால்தான் அந்த அடையாளம் போய்விடுகிறது. அப்போது மறுபடி பழைய எண்ணும் முறைக்கே திரும்புகிறார்கள். ஆகவே மூடித் திறந்தும் பாருங்கள்.

பின்னக் குறிகளைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறீர்களே, அதை இப்போது யார் எழுதுகிறார்கள்?

யாரும் எழுதுவதில்லை. ஆனால் பழைய பத்திரங்களையும் கணக்கு நோட்டுகளையும் மின்னூலாக்குகிறவர்களுக்கு அவை வேண்டும். காணி, மாகாணி, அரைக்கால், 320இல் ஒரு பங்கான முந்திரி எல்லாவற்றுக்கும் தனிக் குறி உண்டு. 2019இல் யூனிகோடு 12.0 தமிழ்ப் பிற்சேர்க்கை என்ற பகுதியில் 51 குறிகளைச் சேர்த்தது. அந்தப் பகுதி நம் வழக்கமான தமிழ் எழுத்துகள் இருக்கும் தெருவில் இல்லை. ரொம்பத் தள்ளி ஒதுக்குப்புறமாக இருக்கிறது. அதனால் இந்தக் குறி ஒன்றைச் சில நிரல்மொழிகள் ஒன்று என்றும், சில இரண்டு என்றும் எண்ணும். பத்தியில் எட்டு முந்திரி இருந்தால் கர்சர் எட்டு இடம் தள்ளி நிற்கும். கணக்கு நோட்டில் இதுதான் நடந்தது. முந்திரி புழங்கிய காலத்தில் எங்கள் அப்பிச்சியின் அப்பாவை ஏமாற்ற முடியாமல் போன கணக்கு, இன்றைக்குக் கணினியை ஏமாற்றுகிறது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம்.

குறிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் கணினியில் அதற்கான எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் இலவசமாகக் கிடைக்கும், நிறுவிக்கொள்ளுங்கள்.

இருக்கிற சொல்லைத் தேடினாலே கிடைக்கவில்லை. அப்புறம் எங்கே தாவுவது?

அது பெரும்பாலும் வழியின் குற்றம் இல்லை, நூலின் குற்றம். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் ஒகர, ஓகாரக் குறிகள் பிரிந்து கிடக்கும். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்கும். 'ஸ்ரீ'யிலும் இரண்டு வகை உண்டு. 2005இல் யூனிகோடு 4.1 தனியாக ஒரு ஶகரத்தைச் சேர்த்தபின், அதை வைத்து எழுதியது ஒன்று, ஸகரத்தை வைத்து எழுதியது இன்னொன்று. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது, தேடலுக்குத் தெரியும்.

இதை வழு என்று பதிய வேண்டாம். ஆனால் ஒரு கோரிக்கையாக எழுதுங்கள்: பிரிந்தது, சேர்ந்தது இரண்டையும் தேடல் ஒன்றாகப் பார்க்க வேண்டும். நானும் எழுதியிருக்கிறேன்.

தமிழ்99 போட்டு வைத்திருக்கும்போது குறுக்குவிசை எதுவும் வேலை செய்யவில்லையே?

ஆல்ட்டும் அம்பும் வேலை செய்யும். எழுத்து விசை சேர்ந்த குறுக்குவிசைகள்தான் தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது சில கணினிகளில் படுத்துவிடுகின்றன. எந்த இயங்குதளம், எந்தத் தட்டச்சுக் கருவி என்று எழுதி அனுப்புங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் நம்மில் இரண்டே பேர், இன்னும் வேண்டும்.

ஒரு கோப்பை இரண்டாகப் பிரித்துவிட்டால் தடம் என்ன ஆகும்?

இன்றைய நிலையில் குழம்பும். 40ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளிலிருந்து எங்கோ தாவிப் போகிறீர்கள். பிறகு அந்தக் கோப்பை நடுவில் வெட்டி இரண்டாக்குகிறீர்கள். திரும்பினால் கடைசிக் குறளுக்கு வராமல், முதல் பாதி எங்கே முடிகிறதோ அங்கே வந்து நிற்கிறது. குறள் இரண்டாம் பாதிக்குக் குடிபோய்விட்டது. திருத்தி பழைய வீட்டுக் கதவைத் தட்டுகிறது. திருத்தி, இணைப்புகளைத் தானாகவே புது முகவரிக்கு மாற்றிவிடுகிறது, தடத்தை மட்டும் மாற்றுவதில்லை. கோப்பின் பெயரை மாற்றினால் பிரச்சினை இல்லை. இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கினால் சில நேரம் சரி, சில நேரம் இல்லை. அந்தச் 'சில நேரம்' எப்போது என்று இன்னும் பிடிபடவில்லை. கை நிறைய நேரம் இருப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

விதிப்படி வைக்கலாம். நான் வைக்க மாட்டேன். இணைப்பில் அந்தப் பெயர் சதவீதக் குறிகளாக மாறும். 'ஈரோடு' என்ற ஐந்து குறி 45 எழுத்துகளாக நீளும். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை, பெயரிலுள்ள ஓகாரக் குறியைப் பிரித்துச் சேமிக்கும். அப்போது கோப்பின் பெயர் ஒரு மாதிரி, இணைப்பிலுள்ள பெயர் வேறு மாதிரி. சோதனைக்காக மட்டும் ஒரு நூலில் அப்படி வைத்துப் பாருங்கள்.

நூலை முடித்துக் கிண்டிலிலோ போனிலோ போட்டால் இந்தத் தடம் அங்கேயும் வருமுங்களா?

வராதுங்க. தடம் திருத்திக்குள் மட்டும்தான்; நூலில் ஒரு எழுத்துகூட அதனால் சேராது. வாசகருக்குப் போய்ச்சேர்வது பொருளடக்கமும் இணைப்புகளும்தான்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் மின்னூல் வேலை செய்கிறார். அவரும் சேரலாமா?

அவசியம் சேரச் சொல்லுங்கள். திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிறவருக்கு, விட்ட இடத்துக்குத் திரும்புவது நம்மைவிடப் பல மடங்கு தேவை. நமக்காவது உருட்டிப் பார்க்கும்போது கண்ணில் ஏதாவது படும். என்விடிஏ இலவசம், இஸ்பீக் குரலில் தமிழும் படிக்கும். புதிய பலகையிலுள்ள பொத்தான்களை அது பெயர் சொல்லிப் படிக்கிறதா, வெறுமனே 'பொத்தான்' என்கிறதா? திரும்பியதும் எங்கே வந்தோம் என்று சொல்கிறதா? இந்த இரண்டும் தெரிய வேண்டும். அச்சுப் புத்தகத்தின் பக்க எண்களை இபப் 3இல் தனிப் பட்டியலாக வைக்க வழி உண்டு. அந்தப் பட்டியல் வழியாகத் தாவினால் தடம் பதிகிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எங்களில் யாரும் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

நடுவில் கரண்டு போனால்?

தடம் போய்விடும். அது வழு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நூல் போகக் கூடாது. போனால் உடனே எழுதுங்கள். பராமரிப்புக்காகக் கரண்டு நிறுத்தும் நாளைக்கு எங்கள் கோபிக்காரர் ஒருவர் வேண்டுமென்றே சேமிக்காமல் காத்திருக்கிறார். அவ்வளவு அர்ப்பணிப்பு எல்லோருக்கும் தேவையில்லை.

வழுவை எப்படி எழுதுவது?

'பின்னால் போனால் சரியாக வரவில்லை, சீக்கிரம் சரிசெய்யவும்' என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. டீச்சரம்மா முதல் வாரத்தில் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'குறள் நூல், 40ஆம் அதிகாரக் கோப்பு. 395ஆம் குறளின் முற்றுப்புள்ளிக்குப் பின் கர்சரை வைத்தேன். அங்கிருந்து பொருளடக்கப் பலகை வழியாக 41ஆம் அதிகாரத்துக்குப் போனேன். மறுபடி பொருளடக்கம் வழியாக 40க்கு வந்து, 391இன் உரையில் நன்றாக என்ற சொல்லையும் ஓர் இடைவெளியையும் சேர்த்தேன். பின்செல்லும் விசையை இரண்டு முறை அழுத்தினேன். 395இன் முற்றுப்புள்ளிக்குப் பின் வந்திருக்க வேண்டும். கல்லா என்பதில் இரண்டாவது லகரத்துக்கும் துணைக்காலுக்கும் நடுவே வந்தது. அங்கே தட்டச்சு செய்தால் எழுத்து உடைகிறது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இதே. விண்டோஸ் 11.'

எண்ணிப் பாருங்கள். 'நன்றாக' ஆறு குறி, இடைவெளி ஒன்று, மொத்தம் ஏழு. குறளின் முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஏழாவது குறி அந்தத் துணைக்கால்தான். திருத்தி, சேர்த்த ஏழையும் கணக்கில் எடுக்கவில்லை என்று இதைப் படித்ததுமே நிரல் எழுதுகிறவர்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள், எங்கே வர வேண்டும், எங்கே வந்தது, எத்தனை முறை. அவ்வளவுதான். படம் அனுப்பினாலும் இதை எழுத்தில் எழுதுங்கள்.

நான் சொன்னதை 'வழு இல்லை' என்று மூடிவிட்டார்கள். மறுபடி எழுதலாமா?

காரணம் சொல்லி மூடியிருந்தால் முதலில் அதைப் படியுங்கள். என்னுடையதில் நான்கை மூடியிருக்கிறார்கள், மூன்று நியாயம். நான்காவதற்கு ஒரு சின்ன மாதிரி நூல் செய்து, ஒரே கோப்பு, இரண்டே பத்தி, வழுவை அதில் காட்டி அனுப்பினேன். மறுநாள் திறந்தார்கள். முழு நூலை அனுப்பி 'எங்கேயோ இருக்கிறது, பாருங்கள்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் பார்க்க மாட்டேன்.

இதுக்குக் காசு ஏதாச்சு உண்டுங்களா?

இல்லீங்க. சந்தித்தால் டீ உண்டு.

சோதனைப் பதிப்பிலேயே என் சொந்த நூல் வேலையையும் செய்துகொள்ளலாமா?

வேண்டாம். பழைய நிலையான பதிப்பை அழிக்காமல், சோதனைப் பதிப்பைத் தனி அடைவில் வையுங்கள். சொந்த நூலை வைத்துச் சோதிப்பதாக இருந்தால் நகல் எடுத்து, பெயரில் 'சோதனை' என்று சேர்த்துவிட்டுத் திறவுங்கள். போன மாதம் அவசரத்தில் நகல் எடுக்காமல் திறந்து, வாடிக்கையாளர் ஒருவருடைய நூலின் 61 அடிக்குறிப்புகளைத் தொலைத்தேன். அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் தட்டச்சு செய்ய இரண்டு ராத்திரி ஆனது. அவருக்கு இன்னும் தெரியாது.